கட்டியவரும் கட்டுவித்தவரும்

பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் நிற்கும் சஃபோக் மாளிகையைப் 'பிரான்சிஸ் லைட் கட்டிய வீடு' என மாணாக்கர் எழுதுவதுண்டு. இத்தொடரில் வரலாற்றுப் பிழையும் உண்டு. இலக்கணப் பிழையும் உண்டு.

1786இல் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய லைட், தாம் பிறந்த சஃபோக் என்னும் மாவட்டத்தின் பெயரைத் தம் மிளகுத் தோட்டத்திற்கு இட்டார். ஆங்கு அவர்தம் இல்லம் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனது. 1794இல் அவர் மறைந்தார். இன்று நாம் காணும் செங்கல் மாளிகையோ, பின்னாளில் ஆளுநரான வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டுவித்ததாகும்.

இது ஜார்ஜியப் பாணியைச் சார்ந்தது. 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலத்தில் தழைத்தமையால் அப்பாணி இப்பெயர் பெற்றது. இடமும் வலமும் ஒத்து நிற்றலே அதன் இலக்கணம். ஆயினும் இலண்டன் வீடு குளிரைத் தடுக்க எழுந்தது. இம்மாளிகை வெயிலைத் தணிக்க எழுந்தது. ஆதலின் தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் உயர்ந்த அறைகளும் அமைந்தன. சென்னையிலும் கல்கத்தாவிலும் தோட்ட வீடுகள் அமைத்தபோது ஆங்கிலேயர் கைக்கொண்ட முறை இது. செங்கற்சுவரின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கல்லெனத் தோன்றச் செய்யும் வழக்கமும் அங்கு இருந்ததே.

ஆனால், இந்தியாவில் பயின்றவை யாவும் இம்மண்ணுக்குப் பொருந்தவில்லை. ஜார்ஜ் டவுனில் 1818இல் முடிவுற்ற தூய ஜார்ஜ் தேவாலயமே இதற்குச் சான்று. செங்கல்லால் ஆன அதற்குச் சென்னை முறையில் தட்டைத் தளம் இட்டனர். அது பினாங்கின் மழைக்கு ஏற்றதன்று. 1864இல் சாய்கூரையாக மாற்றப்பெற்றது. அத்தேவாலயத்தின் அமைப்பை வரைந்தவர் ராபர்ட் ஸ்மித். கட்ட உழைத்தோர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பெற்ற கைதிகள். முன்னவர் பெயரை நாம் கற்பிக்கிறோம். பின்னவரை ஒரு சொல்லிலும் நினைப்பதில்லை.

சஃபோக் மாளிகை 1929 முதல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிக்கு இடமளித்தது, பின்னர்ப் பாழடைந்தது, 2007இல் சீரமைக்கப்பெற்று, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமை விருதையும் பெற்றது. சுவர் மீண்டது, அதனைப் பற்றிய நம் சொல்லும் சீர்பெறல் வேண்டும்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து கடல் கடந்து இக்கட்டடங்களைக் காணச் செல்லும் மாணாக்கருக்கு ஆசிரியர் உணர்த்த வேண்டியது ஒன்றே. 'கட்டினான்' என்பது தன்வினை. 'கட்டுவித்தான்' என்பது பிறவினை. இவ்வேறுபாட்டை வகுப்பில் கற்பிக்கும் நாம், வரலாற்றில் மட்டும் மறந்துவிடுதல் தகுமோ?