வெயிலை வச்சு தண்ணி இறைச்ச கதை

சோலார் பம்புன்னா ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் மாதிரி தோணும். ஆனா சூரியனை வச்சு தண்ணி இறைக்கிற முயற்சிக்கு வயசு 140க்கும் மேல. அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம நாட்டுலயே நடந்துச்சுங்கறது நிறைய பேருக்குத் தெரியாது.

1878ல வில்லியம் ஆடம்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் பம்பாய் கொலாபாவில சாதாரண தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமா அடுக்கி, எல்லா வெயிலையும் ஒரு பாய்லர் மேல விழ வச்சார். அதுல வந்த நீராவியில இரண்டரை குதிரைசக்தி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். நிலக்கரியை கப்பல்ல கொண்டு வரணுமே, வெயில்தான் இங்க கொட்டிக் கிடக்கே என்பது அவர் வாதம். ஆனா அது ஒரு ஆளோட ஆர்வத்தோட நின்னு போச்சு.

அடுத்து அமெரிக்காவின் ஃபிராங்க் ஷூமன். 1912-13ல எகிப்துல, கெய்ரோ பக்கத்துல மாடி என்ற இடத்துல, ஒவ்வொண்ணும் 62 மீட்டர் நீளத்துல அஞ்சு வளைவுக் கண்ணாடித் தொட்டிகளை நிறுத்தினார். சூரியன் நகர நகர கண்ணாடியும் தானா திரும்பும். முதல்ல போட்ட துத்தநாக பாய்லர் வெயில் சூட்டுல உருகிப் போச்சு. அப்புறம் வார்ப்பிரும்பு போட்டாங்க. நைல் நதியிலிருந்து நிமிஷத்துக்கு சுமார் 6,000 காலன் தண்ணி பருத்தி வயலுக்குப் பாய்ஞ்சுது. 1914ல முதல் உலகப்போர் வந்துச்சு, எல்லாம் நின்னுச்சு. 1918ல ஷூமனும் இறந்துட்டார். அதுக்கப்புறம் பெட்ரோலும் டீசலும் மலிவா கிடைச்சதால சூரியனை யாரும் சீந்தல.

கண்ணாடி, நீராவி எதுவும் இல்லாம நேரா மின்சாரமே தர்ற சிலிக்கான் செல்லை 1954ல பெல் ஆய்வகம் காட்டுச்சு. விலை யானை விலை, அதனால செயற்கைக்கோள்களுக்குத்தான் கட்டுப்படியாச்சு. 1970களில் எலியட் பெர்மன் போன்றவங்க முயற்சியில விலை இறங்க ஆரம்பிச்சப்பதான் கிணத்துப் பக்கம் வந்துச்சு.

அதே 1970களில்தான் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில கடும் வறட்சி. மாலி நாட்டுல பெர்னார்ட் வெர்ஸ்பியரன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 'மாலி அக்வா விவா'ன்னு ஒரு அமைப்பு மூலமா கிணறு தோண்டிக்கிட்டு இருந்தார். கைப்பம்பு அடிச்சு அடிச்சு தேஞ்சு போகும். டீசல் பம்புக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி எண்ணெய் வரணும். பிரான்சுல டொமினிக் கம்பானா என்ற பெண் ஆய்வாளர் கோர்சிகா தீவுல சோலார் பம்பு வச்சிருந்ததைப் பார்த்துட்டு, மாலியிலும் அதைக் கொண்டு வந்தார். பம்பை நிறுத்திட்டுப் போனா போதாது, பழுது பார்க்க உள்ளூர்ல ஆள் வேணும் என்பதுல அவர் உறுதியா இருந்தார். என் பார்வையில இந்தக் கதையிலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான்!

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். ஆரம்பத்துல டிசி மோட்டார் கிணத்து மேல, பம்பு அடியில, நடுவுல நீளமான தண்டு. மோட்டார்ல கார்பன் பிரஷ் தேயும், மாத்தணும். 1980களில் இன்வெர்ட்டர் வச்சு ஏசி நீர்மூழ்கி மோட்டாரையே ஓட்ட ஆரம்பிச்சாங்க. இன்வெர்ட்டர் வந்ததும் வேகமும் கைக்குள்ள வந்துச்சு. மேகம் மறைச்சா பேனல் தர்ற சக்தி குறையும். மோட்டார் அப்பவும் முழு வேகத்துல ஓடப் பார்த்தா வோல்டேஜ் படுத்து, மோட்டார் நின்னுடும். கன்ட்ரோலர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைச்சுக்கும். கிணறு வத்தினா தானே நிறுத்தவும் செய்யும்.

ஒரு சின்ன கணக்கு. 20,000 லிட்டரை 30 மீட்டர் ஏத்த, கணக்குப்படி 1.6 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 40 சதவீதம் திறன்னு வச்சா சுமார் 4 யூனிட். ஒரு கிலோவாட் பேனலுக்கு நல்ல வெயில் நாள்ல சாத்தியம். பேட்டரியும் வேண்டாம். மேல ஒரு தொட்டி கட்டிட்டா அதுதான் பேட்டரி. கரண்டைச் சேமிக்கறதைவிட தண்ணியைச் சேமிக்கறது எப்பவும் மலிவு.

இதுல ஒரு முரண் இருக்கு. ஆடம்ஸுக்கும் ஷூமனுக்கும் தண்ணி இருந்துச்சு, இறைக்க சக்திதான் பிரச்சினை. இன்னைக்கு பேனல் மலிவு, வெயிலுக்கு பில்லும் கிடையாது. டீசலா இருந்தா காசு போகுதேன்னு விவசாயி பம்பை நிறுத்துவார். சோலார்ல அந்தக் கவலை இல்ல, நிலத்தடி நீர் இறங்கறது கண்ணுக்கும் தெரியாது. கிணறு வத்தினா பம்பை நிறுத்த சென்சார் இருக்கு. வத்தறதுக்கு முன்னாடியே நிறுத்த இதுவரைக்கும் மனுஷன்தான் வேணும்.