ஒரு புரதம், இரண்டு பெயர்

"ஏம்ப்பா, கை வலிக்குன்னு போனா நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்றாங்களே?"

போன மாதம் விருதுநகரிலிருந்து அம்மா போனில் கேட்டாள். முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மாத்திரைகளுக்கு அடங்காததால் டாக்டர் ஒரு புது வகை ஊசி எழுதியிருக்கிறார். அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை.

அவள் கேள்விக்கான பதில் இங்கே ஹைதராபாத்தில், நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் இருக்கிறது. ஒரு சின்னக் குப்பி, அதில் 10 மைக்ரோகிராம் பொடி. பொடி என்று சொல்வதே அதிகம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மூடியில் ஒட்டியிருந்தால் வீணாகுமே என்று சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விட்டுத்தான் திறப்போம். சுண்டெலியின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த புரதம் அது. பெயர் டிஎன்எஃப் ஆல்ஃபா. புற்றுக்கட்டியை அழுகச் செய்யும் காரணி என்று அர்த்தம். அந்தப் பெயரில் பாதிதான் உண்மை.

கதை 1891-ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர், 17 வயதுப் பெண் ஒருத்தியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மனசு கேட்காமல் பழைய நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டியபோது, தோலில் கடும் பாக்டீரியா தொற்று வந்த ஒருவருக்குக் கட்டி தானாகவே மறைந்தது தெரிந்தது. பாக்டீரியாவையே ஊசியாகப் போட ஆரம்பித்தார். சிலருக்குப் பலித்தது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தானது.

ஏன் பலித்தது? 1975-ல் நியூயார்க்கில் எலிசபெத் கார்ஸ்வெல், லாய்ட் ஓல்ட் குழுவினர் அதற்கு ஒரு பதில் கண்டார்கள். சுண்டெலிகளுக்கு முதலில் பிசிஜி கொடுத்தார்கள். ஆம், நம் குழந்தைகளுக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பூசி. பிறகு எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நஞ்சு. அந்த எலிகளின் சீரத்தை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது கட்டிகள் அழுகின. சீரத்தில் இருந்த அந்த ஏதோ ஒன்றுக்கு டிஎன்எஃப் என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஊரில் ஆண்டனி செராமி வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒட்டுண்ணி தொற்றிய விலங்குகள் ஏன் எலும்பும் தோலுமாகின்றன? உடம்பைக் கரைக்கும் அந்தப் பொருளுக்கு அவர் வைத்த பெயர் கேக்கெக்டின். 1985-ல் புரூஸ் பாய்ட்லர் அதைச் சுண்டெலியின் வெள்ளணுக்களிலிருந்து பிரித்தெடுத்து வரிசையைப் படித்தார். பார்த்தால் டிஎன்எஃப்! ஒருவர் மருந்தென்று தேடியதும் மற்றவர் நோயென்று தேடியதும் ஒரே பொருள்.

1984-ல் மனித மரபணுவும் 1985-ல் சுண்டெலி மரபணுவும் நகலெடுக்கப்பட்டன. சீரத்திலிருந்து துளித் துளியாய்ப் பிரித்த புரதம் இனி வேண்டிய அளவு கிடைத்தது. சுண்டெலிக்கென்று தனியாகச் செய்வானேன் என்று கேட்கலாம். இதற்கு இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. மனிதப் புரதம் சுண்டெலியின் முதல் ஏற்பியில் உட்காரும், இரண்டாவதில் உட்காராது. இன்னொரு வேடிக்கை: எந்த எண்டோடாக்சின் இதைச் சுரக்க வைத்ததோ, அதே எண்டோடாக்சின் ஈ.கோலையின் உறையிலும் இருக்கிறது. அதைத் துப்புரவாக நீக்காவிட்டால், செல்கள் எதற்குப் பதில் சொல்கின்றன என்றே தெரியாது.

நிறையக் கிடைத்ததும் குட்டு வெளிப்பட்டது. 1986-ல் எலிகளுக்கு அதிக அளவில் செலுத்தியபோது ரத்த அழுத்தம் சரிந்து செத்தன. புற்றுநோயாளிகளுக்கும் ஊசியாகத் தாங்கவில்லை. அப்படியானால் இதைத் தடுத்தால்? லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மூட்டுவாதச் சுண்டெலிகளில் தடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் வடிந்தது. 1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுதிய ஊசி அந்த வம்சம்தான்.

இனி எக்ஸ்ரே. காசநோய்க் கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறைவைக்கும். அந்தச் சுவர் நிற்க டிஎன்எஃப் வேண்டும். 1995-லேயே இது சுண்டெலியில் தெரிந்துவிட்டது. டிஎன்எஃப் வேலை செய்யாத எலிகள் காசநோயில் சீக்கிரமே செத்தன. 1998-ல் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2001-ல், அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அறிக்கை வெளியானது. முதலில் சோதித்துவிட்டுப் போடு என்ற விதி அதன் பிறகுதான் அழுத்தமாக வந்தது. எலி ஆறு வருஷம் முன்பே சொல்லியிருந்தது.

தாத்தா டிபியில் போனவர். கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அம்மா. பரிசோதனை முடிவு வந்தது. எக்ஸ்ரே சுத்தம், ஆனால் கிருமி உள்ளே தூங்குகிறது. ஒரு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் ஊசி.

"இன்னும் ஒரு மாசம் இந்த வலியோடவா?" என்றாள். குப்பி, எலி, லண்டன் எதையும் சொல்லவில்லை. "தாத்தாவைப் பார்த்துக்கிட்டீங்கல்லம்மா, அதுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வகை ஊசி எழுதினால், டிபி பார்த்தாச்சா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.