சிற்றாளும் சித்தாளும்

மகளிர் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு சொல்விளக்கம் மேடையேறிவிடுகிறது. கட்டட வேலையில் கலவை சுமக்கும் பெண்ணைச் சித்தாள் என்கிறோம் அல்லவா, அது ‘சித்து + ஆள்’ என்று பிரியுமாம். மண்ணையும் கல்லையும் மாளிகையாக்கும் சித்து கைவந்தவள் என்று பொருளாம். கைதட்டலும் கிடைக்கிறது. இப்போது மலர்களிலும் அச்சேறத் தொடங்கிவிட்டது. பாராட்ட வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். நல்லெண்ணம் இருந்தால் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை.

சித்தாள் என்பது சிற்றாள். ‘சிறுமை’யின் ஈறு போய், உயிர் வரும்போது தன்னொற்று இரட்டி நிற்பது பண்புப்பெயர்ப் புணர்ச்சி; நன்னூல் படித்த மாணவனுக்கும் தெரியும். சிற்றூர், சிற்றில், சிற்றினம், சிற்றுண்டி எல்லாம் அப்படி வந்தவையே. எழுத்தில் இருக்கும் றகர இரட்டை பேச்சில் தகர இரட்டையாவதும் நாளும் கேட்பது. காற்று காத்தாகிறது, நாற்று நாத்தாகிறது. சிற்றெறும்பு சித்தெறும்பு, சிற்றாடை சித்தாடை, சிற்றகத்தி சித்தகத்தி, சிற்றரத்தை சித்தரத்தை, சிற்றாமுட்டி சித்தாமுட்டி. குற்றாலத்து ஆற்றை ஏட்டில் சிற்றாறு என்று எழுதிவிட்டு வாயால் சித்தாறு என்கிறோம். சிற்றப்பன் சித்தப்பாவாகி வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறார். அவர் சித்து விளையாடுகிற அப்பாவா?

சித்து என்ற குற்றியலுகரச் சொல்லோடு ஆள் சேர்ந்தாலும் சித்தாள் என்றுதானே வரும் என்று கேட்கலாம். வரும். வடிவம் மட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது. முடிப்பது இணைச்சொல். சித்தாள் தனியாக வழங்கும் சொல் அன்று. சென்னைப் பக்கத்தில் அதன் பக்கத்திலேயே ‘பெரியாள்’ நிற்கிறார். சுமை தூக்கும் ஆண் அவர். பெரியப்பாவுக்கு எதிர் சித்தப்பா என்றால், பெரியாளுக்கு எதிர் சித்தாள் யார்? இதற்கு மேல் சித்தர்களைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இன்னொரு கட்சி இலக்கணம் பேசுகிறது. ‘ஆள்’ பெண்பால் விகுதி. வந்தாள், நின்றாள் போலவே சித்தாள். ஆகவே அது தொடக்கம் முதலே பெண்ணுக்கு ஆன சொல் என்பது அவர்கள் வாதம். இவர்களை மதுரைக்குத் தெற்கே அனுப்ப வேண்டும். அங்கே கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நடுவில் ‘நிமிந்தாள்’ என்று ஒருவர் கூலி வாங்குகிறார். நிமிர்ந்தாள் என்பதன் திரிபு. நிமிர்ந்த ஆள், வளர்ந்த ஆள். விகுதியை நம்பிப் படித்தால் ‘அவள் நிமிர்ந்தாள்’ என்று பெண்பால் வினைமுற்றே கிடைக்கும். ஆனால் நிமிந்தாள் ஆண். மீசை வைத்த நிமிந்தாளைப் பார்த்த பிறகும் விகுதிக் கட்சியில் இருப்பவர் இருக்கட்டும்.

ஊர் தாண்டினால் சொல் மாறுகிறது. குமரி மாவட்டத்தில் கையாள். யாழ்ப்பாணத்தில் மேசனுக்குத் துணைநின்று கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுப்பவரை முட்டாள் என்பார்கள். முட்டுக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான், வசை அன்று. தமிழகத்தில் அதே சொல் அறிவிலி என்ற பொருளில் மட்டும் எஞ்சியது ஏன் என்பதற்கு என்னிடம் ஒரு கருத்து உண்டு. தாங்கிப் பிடிப்பவனை அறிவில்லாதவன் என்று கொள்வது மேலே நிற்பவனுக்கு எளிது. அதை நிறுவப் புகுந்தால் இந்தக் கட்டுரை முடியாது. கூலி என்ற சொல் கப்பலேறிப் போன கதையையும் அதே காரணத்தால் விடுகிறேன்.

நிமிந்தாள், கையாள், முட்டாள், பெரியாள், சித்தாள் எல்லாவற்றிலும் வால்போல் நிற்பது ஆள். இது வினையாக இருக்கும்போது ஆளுகிறது; பெயராகும்போது ஆளப்படுகிறது. திருவெண்ணெய்நல்லூர் முதியவர் ஆளோலையைக் காட்டிச் சுந்தரரை மணப்பந்தலிலிருந்து இழுத்துச் சென்றதைச் சேக்கிழார் பாடினார். அந்த ஓலையில் உள்ள ஆள் அடிமை. வில்லிபுத்தூர்க் கோதைக்கு வழங்கும் ஆண்டாள் என்ற பெயரில் உள்ள ஆள் ஆட்சி. அடிமைக்கும் ஆட்சிக்கும் ஒரே வேர் என்பதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே உறவின் இரு முனைகள். இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேறு: ஆள் என்ற பெயருக்குப் பால் கிடையாது. கூலியாள், வேலையாள், பண்ணையாள் எதிலும் ஆணும் அடங்கும் பெண்ணும் அடங்கும். எனவே சிற்றாளுக்கும் பால் இருந்திருக்க முடியாது. கொத்தனாருக்குக் கீழே வேலை பழக வந்த பையனும் சித்தாளாகத்தான் இருந்திருப்பான்.

பழைய நூல்களில் இந்த ஆளைத் தேடினால் கிடைப்பதில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு நாள் பார்த்து, நிழல் பார்த்து, திசை பிழையாமல் நூல் பிடிக்கும் புலவர்களைக் காட்டுகிறார். நூல் பிடித்தவர் பாட்டில் இருக்கிறார், மண் சுமந்தவர் இல்லை. மணிமேகலை மகதம், மராட்டம், அவந்தி, யவனம் என்று நாடு நாடாக வினைஞர்களை அழைத்து வந்து தமிழ் வினைஞரோடு சேர்க்கிறது. அந்தப் பட்டியலிலும் தச்சர், கொல்லர் வரைதான் வருகை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பெருந்தச்சன் இருந்தால் சிறுதச்சரும், அவருக்குக் கீழே சிற்றாள்களும் இருந்தாக வேண்டும். அதே கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் ஏறக்குறைய நானூறு பேர், பெயர், ஊர், தெரு, வீட்டு வரிசை உட்பட வெட்டப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடிய பெண்ணுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. அந்தக் கல் உயரச் சாரத்தில் மண் கொட்டியவளுக்கு இல்லை. கோயில் கட்டியவர்களுக்கு மோர் ஊற்றிய அழகி என்ற கிழவி கதையில் வருகிறாள். கதையில்தான் வருகிறாள்.

பெண் கட்டிய வீடு சங்க இலக்கியத்தில் ஒன்றே ஒன்று உண்டு: சிற்றில். மணலில் சிறுமியர் கட்டுவது. கலித்தொகைப் பையன் அதைக் காலால் சிதைக்கிறான். நாச்சியார் திருமொழியில் சிற்றிலைச் சிதைக்காதே என்று ஒரு பதிகமே மன்றாடுகிறது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. பெண் கட்டுவதும் ஆண் உதைப்பதும் இப்படி இலக்கண வரம்பு பெற்றன. சிலர் இதைப் பிடித்துக்கொண்டு ‘சிற்றில் + ஆள்’ என்று சித்தாளுக்கு வேர் சொல்வார்களோ என்று அஞ்சுகிறேன். முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன்: அது சித்திலாள் ஆகும், சித்தாள் ஆகாது.

மண் சுமக்கும் வேலையைப் பெயர் சொல்லிப் பேசுவது திருவிளையாடற் புராணம். வையை உடைப்பெடுக்கிறது, கரையை வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கிடுகிறார்கள். பிட்டு விற்கும் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு. கிழவியாயிற்றே, பெண்ணாயிற்றே என்று பங்கில் ஒரு முழம் குறைக்கவில்லை. ஆள் இல்லாத வந்திக்குக் கூலியாளாகச் சொக்கநாதரே வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, சும்மாடு கட்டி மண் சுமந்து, பிரம்படியும் பட்டார். கடமையைப் பங்கிடும்போது ஆணும் பெண்ணும் சமம் என்ற கணக்கு அன்றே தெரிந்திருக்கிறது. கூலியைப் பங்கிடும்போதுதான் மறந்துபோகிறது.

சித்தாள் செய்யும் வேலையை இனிப் பார்க்க வேண்டும். மணல் சலிப்பது, ஜல்லி அள்ளுவது, செங்கல் நனைப்பது, கலவை போடுவது, பாண்டில் சாந்து வாங்கித் தலையில் வைத்துச் சாரம் ஏறுவது, தளம் போட்ட பின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. இதில் பாதி வேலைக்குக் கண்ணளவு வேண்டும். கலவையில் தண்ணீர் கூடினால் சுவர் வலுவிழக்கும். அந்தப் பதம் சித்தாள் கையில் இருக்கிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் கூரையை நினைத்துப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காய் நீர் தெளிப்பதும் அவர்கள்தாம். எங்கே அடி நிறுத்த வேண்டும் என்பது ஓசையிலேயே தெரியும். சுண்ணாம்பு போய்ச் சிமெண்ட் வந்ததும் அந்தத் தொழில்நுட்பம் செத்தது. இன்று கலவை எந்திரமும் ஆலையிலிருந்து லாரியில் வந்திறங்கும் கான்கிரீட்டும் மீதி வேலையையும் தின்கின்றன. எந்திரம் வந்தால் அதை ஓட்டுவது ஆண். வீட்டுக்குப் போவது சித்தாள்.

பையனாக வந்த சித்தாள் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண்ணாக வந்த சித்தாள் முப்பது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே போகிறாள். சிற்றாள் என்பது வயதையும் தொழிலில் நிற்கும் படியையும் குறித்த சொல் என்பதே என் கொள்கை. படியேறிப் போகிறவர்கள் போய்விட, ஏற விடப்படாதவர்கள் மட்டும் அந்தப் படியில் தங்கியதால் சொல் பெண்பாலாயிற்று. விகுதி செய்த வேலை அன்று. மேஸ்திரி செய்த வேலை.

மேஸ்திரி போர்த்துகீசிய மெஸ்த்ரே. மஸ்தூர் பாரசீகம், முஸ்த் என்றால் கூலி. பொதுப்பணித்துறை விலைப்பட்டியலில் மஸ்தூர் 1, மஸ்தூர் 2 என்று எழுதுவார்கள். பணியிடத்தில் இரண்டாவதைச் சித்தாள் என்றே வாசிப்பார்கள். 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆண் பெண் பார்த்துக் கூலி குறைக்கக் கூடாது என்றது. சட்டத்தை மீறவே வேண்டியிருக்கவில்லை. பெரியாள் வேறு, சித்தாள் வேறு, வேலையே வேறு என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் போதும். ஒரே பாண்டு, ஒரே சாரம், ஒரே ஏணி. பெயர் மட்டும் இரண்டு. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் வந்தன. 1996-இன் நடுவண் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. சாரக் கம்பில் தூளி கட்டுவது நின்றபாடில்லை.

கரணைக்கு வருகிறேன். கரணம் என்றால் கருவி, செயல். தொல்காப்பியக் கற்பியலில் கரணம் திருமணச் சடங்கு. பெண்ணுக்கு அந்தக் கரணம் கட்டாயம், இந்தக் கரணை விலக்கு. சில ஊர்களில் கரணையைக் கொத்துக்கரண்டி என்கிறார்கள். அடுப்படிக் கரண்டி பிடித்த கை கொத்துக்கரண்டி பிடித்தால் சுவர் கோணும் என்று எந்தத் தூக்குக்குண்டும் இதுவரை சொல்லவில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் கொத்துவேலை பயின்று வீடுகளே கட்டினார்கள். தூக்குக்குண்டு நேராகத்தான் தொங்கியது.

சொல்லாராய்ச்சிக்கு இனிப்பான செய்தி ஜார்க்கண்டிலிருந்து. இந்தியில் கொத்தனார் ராஜ்மிஸ்திரி. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே கொத்துவேலை கற்பித்தார்கள். அவர்களை ராணிமிஸ்திரி என்று அழைத்தார்கள், பெயர் நிலைத்தது. ராஜ்மிஸ்திரியில் உள்ள ராஜ் அரசன்தானா? பாரசீக அகராதிகளில் ராஸ் என்பதற்குக் கொத்தன் என்ற பொருள் உண்டு. அதிலிருந்து வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் ராணிமிஸ்திரி ஒரு தவறான பிரிப்பின்மேல் எழுந்த சொல். சித்துக் கட்சியினர் உடனே என்னைப் பிடித்துக்கொள்வார்கள்: அங்கே பிழைப் பிரிப்பு நன்மை செய்யவில்லையா? செய்தது. ராணி என்ற பெயரோடு கையில் கரணையையும் கொடுத்தார்கள், அதனால் செய்தது. சித்து என்ற பட்டத்தைக் கொடுத்துப் பாண்டைத் தலையிலேயே விட்டுவைப்பது வேறு.

தமிழில் கரணை பிடித்த பெண்ணை எப்படி அழைப்பது? ‘பெண் கொத்தனார்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கொத்தன் ஆண்பால் ஆயிற்றே, கொத்தி என்றோ கொத்தத்தி என்றோ ஆக்கலாமே என்று கேட்டவர் உண்டு. குறவன் குறத்தி, இடையன் இடைச்சி என்ற வாய்பாட்டில் பெரும்பாலும் குடிப்பெயர்தான் கிடைக்கும், தொழில் கிடைக்காது. கொத்தி என்றால் பறவை நினைவு வரும். அது வேண்டாம். கொத்தனார் என்பதில் முடிவாக நிற்பது ஆர், உயர்வுப் பன்மை. ஒருவர் என்ற சொல் பலர்பால் வடிவில் இருந்தாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்று தொல்காப்பியர் பெயரியலில் விதித்துவிட்டார். ஆர் பெண்ணுக்குப் புதியதும் அன்று. கரிகாலனைப் பாடிய மண்பாண்டத் தொழிற்பெண் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் என்றே நிற்கிறார். இடையில் உள்ள அன் உறுத்துகிறது என்பார்க்கு ஒரு சொல்: சித்தாளில் இல்லாத பாலைப் புகுத்த முடிந்த நமக்குக் கொத்தனாரில் இருக்கும் பாலை மறப்பதா அரிது?

நல வாரிய அட்டையிலும் கூலிப் பதிவேட்டிலும் சுவர் எழுப்பும் பெண்ணின் பெயருக்கு எதிரே கொத்தனார் என்று எழுதுங்கள். முன்னால் ‘பெண்’ என்ற அடை வேண்டாம்.