வில்லங்கம்

சென்ற மாதம் என் தம்பி மகன் வந்திருந்தான். கையில் பளபளவென்று ஒரு வர்ணக் காகிதம். தியாகராய நகரில் புதிதாகக் கட்டுகிற அடுக்கு வீடு ஒன்றின் படம் அது.

"பெரியப்பா, வாங்கலாமா? நீங்க பொறந்து வளர்ந்த இடமாச்சே! முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை" என்றான்.

"முப்பது வருஷம் போதாதே, அப்பா!" என்று சொல்லி, பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். எங்கள் தாத்தா எழுதி வாங்கிய கிரயப் பத்திரங்கள் இரண்டின் நகல்கள் அதில் இருக்கின்றன. அசல்கள் எப்போதோ கை மாறிப் போய்விட்டன. ஒன்று 1933-ம் வருஷத்துப் பத்திரம். மற்றது 1942-ம் வருஷத்தது. முதலாவதை யார் கேட்டாலும் பெருமையோடு காட்டுவேன். இரண்டாவதை எடுத்துக் காட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

அந்த இடத்தின் பூர்வோத்தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே வெகு தூரத்துக்கு நீண்டு கிடந்தது ஓர் ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்' என்றே அழைத்தார்கள். அதன் மேல்கரைக்கு அப்பால் மாம்பலம் என்ற கிராமம். பட்டணமோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டிருந்தது. 1921-ல் அதன் ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 27 ஆயிரம். ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் ஒரே வீட்டில் பல குடித்தனங்கள். ஒரு குழாயடியில் ஒன்பது சண்டை! 1920-ல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1923-ல் ஏரியை வடிக்க ஆரம்பித்தார்கள். ஏரித் தரையும் அதை ஒட்டிய கிராமமும் மனைகளாக மாறின.

அப்போது மாகாண ஆட்சி ஜஸ்டிஸ் கட்சியின் கையில் இருந்தது. ஆகவே புதுப் பேட்டை முழுவதும் அந்தக் கட்சியின் வரலாறு ஆயிற்று. 1925-ல் காலமான ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கு. 1921 முதல் 1926 வரை பிரதம மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு. உஸ்மான் ரோடு என்றும், நடேசன் பூங்கா என்றும் கட்சிப் பிரமுகர்கள் எல்லோரும் ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொண்டார்கள். ஏரிக்கு மட்டும் ஓரிடத்தில் ஞாபகார்த்தம் உண்டு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது.

நடுத்தரக் குடும்பத்தார் அந்த மனைகளை நாடியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதில் போட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களின் பணம் கரைந்துபோன கதை அவர்கள் மனத்தில் ஆறாமல் இருந்தது. அதற்கு அடுத்த வருஷமே இந்தியன் பாங்கு தோன்றியது உண்மைதான். ஆனாலும், 'மண்ணில் போட்டது மாயமாகப் போகாது' என்பதே எங்கள் தாத்தாவின் கட்சி. அவர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பது சுலபமாகிவிட்டது. 1933-ல் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, வாங்கி வீடு கட்டினார். ஏரிக் களிமண்ணில் அஸ்திவாரம் போடுவதற்குள்ளாகவே பாட்டியின் நகைகளில் பாதி கரைந்துவிட்டதாம். மழைக்காலத்தில் தவளைகள் கூடத்துக்கே வந்து கச்சேரி செய்யும் என்று பாட்டி சொல்வாள்.

எதிர் மனையில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு கட்டிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கொத்தனார்.

1942 வந்தது. ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பானியர் கொழும்பில் குண்டு வீசினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். அவசியமான வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரும் சொல்லிவிட்டது. சர்க்கார் ஆபீஸ்களே பல வெளியூர்களுக்கு மூட்டை கட்டின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று, மிருகக்காட்சி சாலையிலிருந்த சிங்கங்களையும் புலிகளையும் சுட்டுக் கொன்றார்கள். சிங்கத்தின் கதியே அது என்றால் வாத்தியாரின் கதி என்ன? அவருக்கு மூன்று பெண் குழந்தைகள். ஊருக்குப் போய்ப் பிழைக்கக் கையில் ரொக்கம் வேண்டும்.

ஓர் இரவு அவர் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். ரயில்வேக்காரரான தாத்தாவுக்கு ஊரை விட்டுப் போக அனுமதி இல்லை. கையில் சேமிப்பும் கொஞ்சம் இருந்தது. ஒரு வாரத்தில் பத்திரம் பதிவாகிவிட்டது. நகலில் உள்ள தொகையைப் பார்த்தேன். அந்த வீட்டைக் கட்ட ஆன செலவில் பாதிகூட இராது.

பாட்டி அன்று சொன்னதை எங்கள் குடும்பத்தில் யாரும் மறக்கவில்லை: "அந்த மனுஷர் பயத்தையும் சேர்த்துக் கிரயம் பண்ணிட்டீங்க!"

தாத்தா தப்பு ஏதும் செய்யவில்லை என்று வாதாடலாம். அவர் கேட்டு அலையவில்லை; அந்தத் தெருவில் அன்று அந்த விலைக்குக்கூட வேறு ஆள் கிடையாது. குண்டு விழுந்திருந்தால் இரண்டு வீட்டு நஷ்டமும் அவர் தலையில்தான். ஆனால், ஜனங்கள் நடுங்கிய அந்த 1942-ல் சென்னையில் குண்டு விழவில்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து போட்டுவிட்டுப் போனதோடு சரி. போனவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். 1941-ல் 7 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, 1951-ல் 14 லட்சத்து 16 ஆயிரம் ஆயிற்று. இடையில் நகரத்தின் எல்லை விரிந்ததும் அதற்கு ஒரு காரணம். மனை விலை எங்கேயோ ஏறிப் போய்விட்டது.

வாத்தியாரும் 1944-ல் திரும்பி வந்தார். தாம் கட்டிய வீட்டுக்குத் தாமே வாடகை பேசினார். தாத்தா சொற்ப வாடகைக்குச் சம்மதித்தார். 'வாங்கின விலைக்கே எடுத்துக்கொள்ளும்' என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவில்லை.

பிறகு 1946-லும் 1949-லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்றவோ, குடியிருப்பவரைக் கிளப்பவோ முடியாது என்று ஆயிற்று. தெருவிலுள்ள மற்ற வீட்டுக்காரர்கள் சட்டத்தைத் திட்டினார்கள். தாத்தா மட்டும் திட்டவில்லை. தம்மால் செய்ய முடியாத ஒன்றைச் சட்டமாவது கொஞ்சம் செய்ததே என்று நினைத்தாரோ என்னவோ!

நான் சிறுவனாக இருந்தபோது பார்த்தது இது. மாதப் பிறப்பன்று காலையில் வாத்தியார் சட்டை மாட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டி வந்து, வாடகையை எண்ணி வைப்பார். தாத்தா குனிந்தபடியே ரசீது எழுதுவார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். வாத்தியார் திரும்பிப் போய், தாம் நட்ட தென்னைக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஜன்னல் கதவுகளுக்குத் தம் செலவில் வர்ணம் அடிப்பார். வீடு யாருடையது என்று அந்தத் தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும், "வாத்தியார் வீடு" என்றுதான் சொல்லும்.

அவர் காலமான பிறகு அவர் மனைவி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலி செய்வதற்காக ஒரு பைசா கேட்கவில்லை. என் தகப்பனார் 1972-ல் அந்த வீட்டை நல்ல விலைக்கு விற்றார். அந்தப் பணத்தில்தான் நான் கல்லூரியில் படித்தேன். இன்று நாலு எழுத்து எழுதிப் பிழைக்கிறேன் என்றால், அதில் வாத்தியாருக்குப் பாகம் இருக்கிறது.

2015 டிசம்பர் மழையிலும், 2021 நவம்பரிலும் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றது. பத்திரிகைகள் அதை வெள்ளம் என்று எழுதின. எனக்கு மாதப் பிறப்பன்று தெருவைத் தாண்டி வந்த வாத்தியாரின் ஞாபகம்தான் வந்தது. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். முன்பு குடியிருந்தவர் பழகிய இடத்தைத் தேடி வரத்தானே செய்வார்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி மகன், "அப்போ வாங்க வேண்டாங்கறீங்களா, பெரியப்பா?" என்றான்.

"தாராளமாக வாங்கு. தரைத் தளம் மட்டும் வேண்டாம்" என்றேன். "இன்னொன்று. விற்கிறவர் எதற்காக விற்கிறார் என்று கேள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்."

பெட்டியைத் திரும்பவும் அவன்தான் பரணில் ஏற்றினான்.