தப்பால் பையிலிருந்து பைன் வரை: 'அம்மா' என்ற சொல் வந்து சேர்ந்த கதை

இன்னைக்கு வட்ஸ்அப்பில் 'அம்மா' என்று தமிழில் அடிச்சு அனுப்புறது ஒரு விஷயமே இல்லை. அக்கரப்பத்தனையில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்தாலும் எழுத்து மாறாமல் போய்ச் சேருது. 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் வைத்திருந்த தமிழர்களுக்கு இது நடக்காத காரியம். மெயில் போகும், தமிழ் போகாது. அது ஏன், பிறகு எப்படிச் சரியாச்சு என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர்க் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். தோட்டங்களில் கடிதம் நேரே லயத்துக்கு வந்ததில்லை. தப்பால்காரர் தபால் கந்தோரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பிரிச்சு, டிவிசனுக்குப் போய், கடைசியில்தான் ஆள் கைக்கு வரும். வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை, தோட்டத்துப் பெயர்தான் முகவரி. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. குடும்பங்கள் பிரிந்தன. நீலகிரிக்குப் போனவர்களுக்கும் இங்கே நின்றவர்களுக்கும் இடையில் இருந்த ஒரே தொடர்பு அந்தக் கடிதம்தான். அது நடுவில் எத்தனை கைகளைக் கடந்து வருது, போட்டது போட்டபடி வருதா என்பது நம்ம ஆட்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை.

மின்னஞ்சலுக்கும் இதே கேள்வி இருந்தது. இணையத்தில் மெயில் கொண்டுபோகும் விதிமுறை 1982இல் எழுதப்பட்டது. அது ஏழு பிட்டுகளை மட்டுமே உறுதியாகக் கொண்டுபோகும். ஏழு பிட் என்றால் 128 இடம். ஆங்கில எழுத்து, எண்கள், நிறுத்தக்குறிகள், கட்டளைக் குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கிடும். வேறு எந்த எழுத்துக்கும் இடமில்லை. எட்டாவது பிட்டைப் பயன்படுத்தி யாராவது எழுதினால், வழியில் இருக்கும் ஏதாவது ஒரு கணினி அந்தப் பிட்டை வெட்டிவிடலாம். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. தமிழ் அனுப்ப ஒருத்தர் வருவார் என்று விதி எழுதினவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போ மெயில் படிப்பதற்கு இருந்தது கறுப்புத் திரையும் விசைப்பலகையும்தான். 1986இல் எல்ம் என்ற மென்பொருள் வந்தது. 1989இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் எழுதத் தொடங்கினார்கள். 1995இல் மட் வந்தது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது, ஃபொன்ட் மாற்றவும் வழி கிடையாது. இலங்கையில் 1990 அளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பு வழியாகத்தான் மின்னஞ்சல் பரவத் தொடங்கியது. மெயில்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசி அழைப்பு எடுத்து, மொத்தமாக மாற்றிக்கொள்ளும் முறை. தப்பால் பை மாதிரியேதான். காசு கட்டி யாரும் வாங்கக்கூடிய இணையம் 1995இல்தான் வந்தது.

தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் வழி, தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதுறது. சின்ன 'எல்' போட்டால் ல, பெரிய 'எல்' போட்டால் ள, பெரிய 'என்' போட்டால் ண. இது ஏழு பிட்டுக்குள் அடங்கும், எங்கேயும் உடையாது. ஆனா வாசிக்கிறது தமிழ் எழுத்து இல்லை.

இரண்டாவது வழி இலங்கையில் எல்லாருக்கும் தெரிஞ்ச பாமினி. பாமினியில் நாம் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஃபொன்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. வழியில் உடையாது, ஆனால் பைன் மாதிரியான திரையில் அது அம்மாவாகவே தெரியாது.

மூன்றாவது வழிதான் பெரிய முயற்சி. 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட்டில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடினார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொடுத்தார். 1990களின் கடைசியில், மின்னஞ்சலிலேயே விவாதித்து, 'தஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் 'அ'வின் எண் 171. எட்டாவது பிட்டை வெட்டினால் 171இல் 128 போய் 43 மிஞ்சும். 43 என்றால் கூட்டல் குறி. அதாவது 'அம்மா' என்று அனுப்பினால் முதல் எழுத்தே கூட்டல் குறியாக வந்து நிற்கும்.

இதற்கு மருந்து 1992இலேயே வந்திருந்தது. 'மைம்' என்ற விதி, எட்டு பிட் எழுத்துகளை ஏழு பிட்டுக்குள் மடிச்சு அனுப்பவும், இந்த மெயில் எந்தக் குறியீட்டில் இருக்கு என்று தலைப்பிலேயே எழுதிவைக்கவும் வழி செய்தது. அந்தத் தலைப்பு வரி சரியாக இருந்தால்தான் அடுத்த பக்கம் சரியாக விரியும். இப்படிப்பட்ட மெயில்கள் வழியாகத்தான் 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் வளர்ந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காத ஆட்கள் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, மெயிலில் மாற்றிக்கொண்டார்கள்.

இன்னைக்கு யுனிகோட் இருக்கு. 'அம்மா'வுக்குள் ஐந்து குறிகள், யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15. பைனின் வாரிசான அல்பைனும், மட்டும் இன்னும் கிடைக்குது. நாங்கள் சில பேர் ஒரு பழைய லேப்டொப்பில் மட் போட்டுப் பார்த்தோம். தமிழ் உடைந்தால் எங்கே உடைந்தது என்று திரையே சொல்லிவிடும். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால், பெரும்பாலும் நம்ம டெர்மினலின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 இல்லை. வெறும் கட்டம் வந்தால் தமிழ் ஃபொன்ட் இல்லை. தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், யுனிகோட் மெயிலை ஐரோப்பியக் குறியீடு என்று நினைச்சு வாசிக்குது. சமன் குறியும் எண்களுமாக வந்தால், மைம் மடிப்பை யாரும் பிரிக்கவில்லை. அனுப்பினவர், வழி, நம்ம திரை. இந்த மூன்று இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வரலாறு படிக்கிற நாங்கள் ஏன் எழுதுறோம்? தோட்டத்து ஆபீசுக்கு வந்த கடுதாசிகளில் பல கறையான் தின்று போய்விட்டன. அதற்குப் பிறகு தொழிற்சங்கத் துண்டறிக்கை, கோவில் திருவிழா நோட்டீஸ், கவிதை, மகஜர் என்று மலையகம் கணினியில் எழுதியவை ஃப்ளொப்பியிலும் சீடியிலும் பழைய மெயில்களிலும் கிடக்கு. அவற்றில் பாதி பாமினி, மீதி வேறு ஏதோ ஃபொன்ட். இருபது வருஷம் கழித்து ஒருத்தர் திறந்து பார்த்தால் 'எம், கே, அரைப்புள்ளி' என்று தெரியும். அது ஒரு அம்மா எழுதின கடிதம் என்று அவருக்குத் தெரியாது.

யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கு. 2005இலிருந்து நூலகம் திட்டம் ஈழத்து, மலையக ஆவணங்களைச் சேர்த்து வைக்குது. வீட்டில் பழைய கணினியோ சீடியோ இருந்தால் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க. எழுத்து புரியவில்லை என்றால் அது குப்பை என்று முடிவு செய்யாதீங்க. அது பெரும்பாலும் தமிழாகத்தான் இருக்கும்.