கண்டியில் சர்வதேச வணிகம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியானால் எனக்கு வரும் அழைப்புகளில் இந்தக் கேள்வி தவறாமல் இருக்கும்: "தம்பி, மகளுக்குக் கண்டியில இன்டர்நஷனல் பிஸ்னஸ் படிக்க இடம் இருக்காம். சேர்க்கலாமோ?" கேட்பவர்கள் அநேகமாக வன்னிப் பெற்றோர். பிள்ளை 2006, 2007இல் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் மெனிக் பாம் முகாமைக் கண்டிருக்கும். கட்டணம் கனடாவில் இருக்கும் மாமாவின் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, விசாரித்து அறிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அரச பல்கலைக்கழகம். பேராதனையில் முகாமைத்துவ பீடம் இருக்கிறது. இசட் புள்ளி போதுமானால் கட்டணமில்லை. பொதுவாக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அந்தப் 16இல் அடங்கும். ஆகவே கண்டிப் பிள்ளைகளின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடையாமல், உங்கள் மாவட்டத்துக்கு உரியதைப் பாருங்கள். மகாபொல கொடுப்பனவும் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது.

பட்டத்தின் பெயரிலேயே சர்வதேச வணிகம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். ஆனால் பெயரைத் துரத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எங்கே சேர்ந்தாலும் கணக்கீடு, பொருளியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றில்தான் அத்திவாரம் போடுவார்கள்.

பெற்றோருக்கு இன்னொரு பயமும் உண்டு. 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டதை எங்கள் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதே வளாகத்தில் குறிஞ்சிக் குமரன் கோயிலும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி, மாமாவின் பணம் போகும் தனியார் வளாகங்கள். கண்டி நகரிலும் சுற்றிலும் பல இருக்கின்றன. சில பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தைத் தருகின்றன. பணம் கட்டுமுன் பட்டச் சான்றிதழில் யாருடைய பெயர் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் சரிபார்க்கலாம். உள்நாட்டுத் தனியார் நிறுவனமே பட்டம் வழங்கினால், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். நிறுவனத்துக்குப் பதிவு இருப்பதும் பட்டத்துக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு. விளம்பரத்தில் இரண்டையும் குழைத்துத்தான் போடுவார்கள்.

கட்டணத்தில் பவுணில் செலுத்த வேண்டிய பகுதி உண்டா என்றும் கேளுங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளின் வீடுகளில் அது எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாணயமாற்று ஆபத்து என்பது இந்தப் படிப்பில் ஒரு பாடம்; கட்டணச் சீட்டோடேயே தொடங்கிவிடும்.

இந்தப் படிப்புக்குக் கண்டி பொருத்தமான ஊர்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மாவட்டத்தில்தான். ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்று தேயிலை அரும்பொருட்காட்சியகமாக நிற்கிறது. உலகச் சந்தை எப்படி ஒரு மலையையும், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களையும் ஆட்டிவைத்தது என்பதை ஒரு பகற்பொழுதில் பார்த்துவிடலாம்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஜி.எஸ்.பி. பிளஸ். ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த வரிச்சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதோடு கட்டப்பட்டது. சிவில், அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரானது, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்றிலும் இலங்கை குறை வைத்ததாகக் கண்டு, போர் முடிந்த மறுவருடம், 2010 ஓகஸ்டில் அதை நிறுத்தினார்கள். 2017 மே மாதம் திருப்பித் தந்தார்கள். இன்று கிளிநொச்சியில் எங்கள் பெண்கள் தைக்கும் ஆடைக்கு ஐரோப்பாவில் என்ன வரி என்பதை, எங்களுக்கு நடந்ததைப் பற்றிய ஒரு கணக்கும் தீர்மானிக்கிறது. இதை விளங்கி, இலக்கங்களோடு பேசக்கூடிய தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு. பட்டத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு, வங்கி, கப்பல் சரக்கு, ஏற்றுமதி வேலைகளுக்கு முன் நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை முதல் நாளே ஆங்கில விரிவுரையில் உட்கார வேண்டியிருக்கும். பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையே பல மாதங்கள் சும்மா போகின்றன. மாமா ஏதாவது அனுப்ப விரும்பினால் அந்த மாதங்களுக்கு அனுப்பட்டும். கண்டி தூரம் என்றால் வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வணிகக் கற்கைகள் பீடமும் அங்கே உண்டு.