ஐசோஎன்சைம்

மாரடைப்பு பற்றிய கட்டுரை ஒன்றில் ஐசோஎன்சைமை ‘ஒரே மாதிரியான நொதி’ என்று எழுதியிருந்தார்கள். பொருளே கெட்டது. கிரேக்கத்தில் ‘ஐசோ’ சமம். ‘சைம்’ புளித்த மாவு. ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்ற பொருளில் 1870களில் என்சைம் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான கூனே. நம் நொதியும் நொதித்தலில் பிறந்ததுதான். இன்று புளிப்புக்குச் சம்பந்தமே இல்லாதவையும் நொதிதான். 1959இல் ஆய்வாளர்களான மார்க்கெர்ட்டும் மொல்லரும் ஐசோஎன்சைமுக்கு ஐசோசைம் என்று பெயரிட்டபோது, சமம் என்றது வேலையை, உருவை அல்ல. எடுத்துக்காட்டாக, லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதிக்கு ஐந்து வடிவங்கள்: எச், எம் என்னும் இருவகைத் துணையலகுகள் நான்கு நான்காகச் சேர்வதால் வருபவை. நான்கும் எச் ஆன வடிவம் இதயத்தில் மிகுதி. நான்கும் எம் ஆன வடிவம் கல்லீரலிலும் எலும்புத்தசையிலும். மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் பிரித்தறியலாம். தமிழில் ‘சமநொதி’ என்றாலும் அதே குழப்பம்தான் வரும். ‘ஒருவினை நொதி’ என்பதே என் தேர்வு.